பக்கவாசலில் வந்த முருகன்

ஜெர்மன் சண்டை நடந்த காலம். ஐப்பசி மழை. பண்டாரவளை ஸ்டேசனிலிருந்து எங்கள் கடைக்கு அரிசி மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டி, ஹாலிஎல பக்கத்தில் ஒரு வளைவில் குடை சாய்ந்தது. மூட்டைகளுக்கு அடியில் என் வீட்டுக்காரர். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இவர் பேச்சை விட்டார், சோற்றை ஒதுக்கினார். "என்னைய எதுக்குக் காப்பாத்துனீங்க?" என்று மட்டும் கேட்பார். இவரை எழுப்பி நடக்க வை என்று கதிர்காமத்து முருகனிடம் அழுதேன். சண்டையும் போட்டேன்.

கொழும்பிலிருந்து இவருடைய கூட்டாளி ஒரு சக்கர நாற்காலி அனுப்பினார். ஆனால் எங்கள் பதுளை வீட்டின் முன்வாசலில் செங்குத்தான கல்படிகள். என் கொழுந்தனார் படி மேல் பலகை போட்டு இறக்கிப் பார்த்தார். நாற்காலி கைநழுவி ஓட, இவர் தெருவில் குப்புற விழுந்தார். கடைவீதியே பார்த்தது. இனி வெளியே வரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார்.

படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை கட்டலாமா என்று கொத்தனாரை அழைத்துக் கேட்டேன்.

"சரிவு நீளமா இருக்கணும்மா. முன்னால போட்டா ரோட்டுல போய் நிக்கும். பக்கத்துல, அடுப்படி வாசல்ல போட்டா நல்லா அமையும்."

உள்ளேயிருந்து இவர் சீறினார். "அடுப்படி வழியாப் போய்வர நான் என்ன பூனையா? தலைவாசல் இல்லாட்டி ஒண்ணும் வேணாம்!"

கொத்தனார் போய்விட்டார். இவர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார்.

ஆடித் திருவிழா வந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து முருகன் கோயிலின் தென்புறம் தெரியும். முன்படி குறுகல் என்பதால் சப்பரம் எப்போதும் தெற்கு வாசல் மண்சரிவில்தான் இறங்கும். இவரே எத்தனையோ வருசம் அதற்குத் தோள் கொடுத்தவர். அன்று 'அரோகரா' சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"நல்லாப் பாருங்க! முருகனே பக்கவாசல்லதான் வர்றான். அவனுக்கு இல்லாத கவுரவமா உங்களுக்கு?"

நானா பேசினேன்? அதுவரை அந்த நினைப்பே எனக்கு இல்லை. அவன்தான் என் நாக்கில் வந்து உட்கார்ந்தான். இவர் திரும்பிப் பார்த்தார். சப்பரம் மெதுவாகச் சரிவில் இறங்கியது. இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கொத்தனாரை வரச் சொல்லு புள்ள."

கல் அடுக்கி, மண் கெட்டித்து, மழையில் வழுக்காமல் சொரசொரப்பாகக் காரை பூசினார்கள். சக்கரம் விலகாதபடி இரண்டு ஓரமும் வரம்பு கட்டினார்கள். கொழுந்தனார் ஒற்றை ஆளாகவே தள்ளி இறக்கினார். முதலில் கோயிலுக்குத்தான் போனோம். சந்நிதியில் இவர் கைகூப்பினார், நான் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

நான் கேட்டது கால்கள். அது கிடைக்கவில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் இவர் தினமும் கடைக்குப் போகிறார். வயிறாரச் சாப்பிடுகிறார். சாம்பாரில் உப்பு இல்லை என்று என்னைத் திட்டுகிறார். அப்பனே, அந்தத் திட்டுக்கு உனக்குக் கோடி கும்பிடு!

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அவனிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். எந்த வாசலில் வரவேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லாதீர்கள்.