மொட்டைக் கார்

எங்கள் வீட்டுக்கு மோட்டார் கார் வந்த அன்று, அதை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்று சிரித்தது. அண்ணன் முன்னால் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான். அப்பா பக்கத்தில் நடந்து வந்தார். இருவர் முகத்திலும் சாமி புறப்பாட்டோடு வருகிறவர்களின் களை இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. சிரிக்கிறவர்களோடு சேர்ந்துகொள்வதா, காரோடு சேர்ந்து கர்வப்படுவதா என்று தெரியாமல், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

அப்பா அறந்தாங்கி பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். யுத்தம் வந்து, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும் முதலாளி பாதி பஸ்களை நிறுத்திவிட்டார். நின்ற பஸ்ஸோடு அப்பாவும் நின்றார். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீடு. அங்கே மாட்டுக்கொட்டகையில் பழைய அமெரிக்கக் கார் ஒன்று வருஷக்கணக்காகக் கிடந்தது. அந்த வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டியதற்கு அப்பா கூலி வாங்கியிருக்கவில்லை. அதை மனதில் வைத்துப் பண்ணைக்காரர், அந்தச் சனியனை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சொல்லிவிட்டார். பின் சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை மட்டும் இறக்கிக்கொண்டார்கள்.

அப்பாவின் யோசனை மீனைப் பற்றியது. கோட்டைப்பட்டினத்தில் விடியற்காலையில் படகுகள் கரைக்கு வரும். ஆனால் அந்த மீன் புதுக்கோட்டைக்குக் கருவாடாகத்தான் வந்து சேரும். மாட்டுவண்டியில் ஏற்றினால் பாதி வழியிலேயே நாறிவிடும். பஸ்காரர்கள் மீன்கூடையைத் தொடவிட மாட்டார்கள். ஐஸ் என்று ஒன்று இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம், பார்த்ததில்லை. வெயில் ஏறுவதற்குள் கூடைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒரு வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அது வேகமாகப் போக வேண்டும். அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டியதில்லை.

வேறொன்றும் வேண்டியதில்லை என்பதை அவர் உண்மையாகவே செய்து காட்டினார். கனம் குறைந்தால்தான் வேகம் வரும் என்று கதவு, கூரை, மட்கார்டு, கண்ணாடி, பின் சீட்டு எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஒரு கதவு பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போயிற்று. கைப்பிடி வைத்த கதவுக்குள் வாழ்ந்த ஆடுகள் எங்கள் தெருவில்தான் இருந்தன. உட்காருவதற்குப் பலகையும் அதன் மேல் சாக்கும். பெட்ரோல் டாங்கி ஓட்டையாகிவிட்டதால் மண்ணெண்ணெய் டின் இரண்டு. நின்றுபோன பஸ்களிலிருந்து அப்பாவின் பழைய கூட்டாளிகள் ரகசியமாக எடுத்துக் கொடுத்த உதிரிகளை அண்ணன் அரம் வைத்து ராவி ராவி எஞ்சினுக்குள் பொருத்தினான். ரேடியேட்டர் ஒழுகியபோது ஆத்தா வைத்திருந்த மஞ்சள்தூள் முழுவதையும் அதற்குள் கொட்டினார்கள். ஒழுகல் நின்றது. ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டில் குழம்பு வெளுத்துக் கிடந்தது.

அண்ணனுக்குப் பதினேழு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் எதிலும் நிற்காத அவன் மனசு எஞ்சினில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டு, எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்வான். அப்பா அவனைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு வேலையைத் தொடங்குவதற்கு முன் அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் தலையாட்டினால்தான் ஸ்பானரை எடுப்பார்.

முதல் ஓட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆசையால் அல்ல. கனத்தைக் குறைத்துக் குறைத்து, பின் சக்கரங்கள் தரையில் நிற்காமல் குதித்தன. அதனால் ஒரு மணல் மூட்டையையும் என்னையும் பின்னால் வைத்தார்கள். அறந்தாங்கி ரோட்டில் அண்ணன் ஓட்டினான். காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. சத்தத்தில் மாடு மேய்த்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். அப்பா வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான். ஊர் அதற்கு மொட்டைக் கார் என்று பேர் வைத்தது. எங்களுக்கு அதில் வருத்தமில்லை.

பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். கோட்டைப்பட்டினத்தில் ஒரு மரைக்காயர் அப்பாவை நம்பி மீன் கொடுத்தார். ஈரச் சாக்கும் பனையோலைப் பாயும் போர்த்திய கூடைகளோடு கார் சந்தைக்குள் நுழையும்போது, மீன்காரம்மாக்கள் சத்தத்தை வைத்தே எழுந்து வழிவிடுவார்கள். செவுள் சிவந்திருந்த மீனைப் புதுக்கோட்டை அப்போதுதான் பார்த்தது. சில வாரங்கள் எங்கள் வீட்டில் இரண்டு வேளையும் சோறு வெந்தது.

பிறகு அப்பாவுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. அண்ணன் தனியாகப் போய் வந்தான். ஒரு நாள் மிகவும் நேரம் கழித்து வந்தான். டயர்கள் தேய்ந்து கிடந்தன. யுத்தத்தில் புதிய டயர் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கிழிந்த இடத்தில் உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பயந்து மெதுவாக ஓட்டி வந்திருக்கிறான். மீன் முழுவதும் போய்விட்டது. சந்தையில் கூடைகளை அவன் காலடியிலேயே கவிழ்த்துவிட்டார்களாம். கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்.

“மெதுவா வர்றதுக்கு மாட்டுவண்டி போதுமேடா. நாம எதுக்குடா இம்புட்டுப் பாடுபட்டோம்?”

அண்ணன் கொல்லைக்குப் போய், மீன் நாற்றம் போகும்வரை காரைக் கழுவினான். ஆத்தா சோறு போட்டுக் கூப்பிட்டாள். ஒரு கைதான் சாப்பிட்டான்.

அடுத்த முறை அவன் போய்விட்டுத் திரும்ப வேண்டிய காலையில், வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். அந்த ஊருக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ரோடு வளையும் இடத்தில் கார் கீழே உருண்டிருந்தது. அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மீன்கள் கண்மாய்க்குள் சிதறிக் கிடந்ததாகச் சொன்னார்கள். ஆடு குறுக்கே வந்தது என்றார் ஒருவர். மூளியான வண்டி எப்படி விளங்கும் என்றார் இன்னொருவர். எதிரே பஸ் ஓட்டி வந்தவர் மட்டும், பையன் காற்றாய்ப் பறந்து வந்தான் என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

காரியம் முடிந்த பிறகு அப்பா காரைக் கொல்லைக்குக் கொண்டுவரச் செய்தார். ஆத்தா கொல்லைக் கதவைச் சாத்தினாள். தண்ணீருக்கும் சாணத்துக்கும்கூட வாசல் வழியாகச் சுற்றிப் போனாள். அவள் அழுது நான் பார்த்தது முதல் நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு அவள் வீட்டில் நடக்கும் சத்தமே கேட்காது.

அப்பா காரைப் பிரிக்கத் தொடங்கினார். காய்ச்சல் முழுதும் விட்டிருக்கவில்லை. முதலில் சக்கரங்களைப் பார்த்தார். நாலு டயரிலும் காற்று அப்படியே இருந்தது. பிறகு பிரேக் கம்பிகள், ஸ்டீரிங் தண்டு, ஸ்பிரிங் பட்டைகள், அச்சு. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, கண்ணருகே வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாக்கின் மேல் வரிசையாக வைப்பார். நான் மரைகளையும் ஆணிகளையும் கழுவிக் கொடுத்தேன். காரை ரிப்பேர் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். முன்பு அண்ணன் செய்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதில் துக்கத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே ஸ்பானரை நீட்டுவேன். அவர் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்.

“என்னப்பா தேடுறீங்க?” என்று ஒரு தரம் கேட்டேன்.

“ஒடஞ்சது எதுன்னு பாக்குறேன்” என்றார்.

உடைந்தது எதுவும் அகப்படவில்லை. வளைந்தவை இருந்தன. அவை உருண்டபோது வளைந்தவை என்று அவருக்கே தெரிந்தது. கடைசியில் கொல்லுப்பட்டறை ஆசாரியை அழைத்து வந்தார். உள்ளே விரிசல் விட்ட இரும்பு தட்டினால் மொத்தென்று கேட்கும், நல்ல இரும்பு கணீரென்னும். ஆசாரி சிறிய சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் கோயில் மணிபோல ஒலித்தன. நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அச்சை மறுபடி அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

“இன்னொருவாட்டி தட்டிப் பாருங்க.”

ஆசாரி தட்டினார். பிறகு சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். “எதுலயும் பழுதில்லைங்க. நல்லாத்தான் பூட்டியிருக்கீங்க. வண்டி மேல குத்தமே இல்ல.”

அவர் போன பிறகு அப்பா இரும்புகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்குள் ஓடினேன். பல நாட்களுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்திருந்தது.

“ஆத்தா, காருல ஒரு பழுதும் இல்லையாம். ஆசாரி சொல்லிட்டாரு.”

ஆத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. “அப்பாவும் கேட்டாரா?” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். சாத்தியிருந்த கொல்லைக் கதவைத் திறந்து, அந்தக் காரை இழுத்து வந்த பிறகு முதல் தடவையாக அந்த வழியே வெளியே போனாள்.

அப்பாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அப்பா நிமிரவேயில்லை. ஆத்தா தன் கைக்கு எட்டிய இரும்பு ஒன்றை எடுத்தாள். அது எதற்கான உறுப்பு என்று அவளுக்குத் தெரியாது. அப்பா செய்வதுபோலவே கண்ணருகே வைத்துத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்தா பாருங்க. இதுல கீறல் கெடக்கு. இதுனாலதான் ஆயிருக்கு.”

அப்பா அதை வாங்கினார். அவள் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகுவதுபோல இருந்தது. ஆத்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் குனிந்து பார்த்தேன். தினமும் கழுவிக் கழுவி எனக்கு அந்த இரும்புகள் எல்லாம் பழகியிருந்தன.

“அது கீறல் இல்ல ஆத்தா, கிரீஸு” என்றேன்.

அப்பா கையிலிருந்து வாங்கி, பாவாடை நுனியால் அந்தக் கோட்டை அழுத்தித் துடைத்தேன். இரும்பு வழவழவென்று வந்துவிட்டது. இருவருக்கும் நன்றாகத் தெரியும்படி வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது என்னைக் கெட்டிக்காரி என்று சொல்வார்கள் என்று நின்றேன்.