ஏசி செய்துபோட்டு வாறன்

இந்தக் கோடையில் மொன்றியலில் அடிக்கிற வெயில் உங்களுக்கும் தெரியும். பால்கனியில் காயப்போட்ட மிளகாய் அரை நாளில் மொறுமொறு என்று ஆகிவிடுகிறது. அந்த வெயிலில், போன சனிக்கிழமை காலை, எங்கள் கட்டிடத்துப் பின்பக்கப் பார்க்கிங்கில் என் வீட்டுக்காரர் காரின் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

ஏசிக்குக் காஸ் அடிக்கிறாராம். தானே!

இந்த மனுசன் உங்களுக்குப் பழக்கம்தானே... பனிக்காலத்தில் கார்க் கதவு உறைந்துபோக, இடியப்பத்துக்கு வைத்திருந்த சுடுதண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றி, கதவை இன்னும் கெட்டியாக உறையவைத்தவர். அவரேதான்.

ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழமைதான் ரொறன்ரோவில் இருந்த அவருடைய அண்ணை காலமாகியிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழும்பவேயில்லை. சனிக்கிழமை பின்னேரம் உடல் பார்வைக்கு, உடனே கிரியை, தகனம். ஆறு மணித்தியால ஓட்டம்; பிந்தினால் பெட்டியை மூடிவிடுவார்கள்.

மகள் முதல்நாளே வெளிக்கிட்டாள். "அப்பா, எங்கட காரிலை ஏறுங்கோ" என்று கெஞ்சினாள்.

"என்ரை காரிலைதான் போவன். ஏசி செய்துபோட்டுத்தான் போவன்."

செய்தி வந்ததிலிருந்து கராஜ் கராஜாகத் திரிந்தார். எல்லாரும் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். இந்த வெயிலில் ஊரே ஏசி செய்ய வரிசையில் நிற்கிறது, துக்கவீட்டுக்காரர் என்று யார் முன்னால் விடுவார்கள்? கடைசியில் கடையில் காஸ் டப்பாக்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்படி என்ன பிடிவாதம் என்கிறீர்களா?

போன கோடையில்தான் இந்த ஏசி பழுதானது. அப்போது அண்ணை வீட்டுக்குப் போனோம். வழிநெடுக வேர்த்து, சேர்ட் முதுகோடு ஒட்ட, இவர் காரால் இறங்கினார். அண்ணை வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னடா தம்பி, ஒன்ராரியோ வாவியிலை நீந்தியே வந்தனி? அடுத்தமுறை ஏசி செய்துபோட்டு வா. இல்லாட்டி உள்ளுக்கை விடமாட்டன்!"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாம் இதே கதைதான். எப்ப வாறாய் என்று அவர் கேட்பார். "ஏசி செய்துபோட்டு வாறன் அண்ணை" என்று இவர் சொல்வார். தை மாதம், வெளியே பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது... அப்போதும் அதே பதில்!

"பனிக்குள்ளை ஏசி என்னத்துக்கடா, கள்ளா?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நல்ல பகிடிதான். அண்ணை இருக்கும்வரை.

சரி, பொனட்டுக்கு வருவோம். காஸ் டப்பாவில் ஒரு குழாய். குழாயில் மணிக்கூடு மாதிரி ஒன்று – அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சிவப்பென்றால் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெருவில் லைட் சொல்லித் தந்தது.

முள் பச்சைக்கு வந்தது. காருக்குள் கையை நீட்டிப் பார்த்தேன். குளிர்காற்று! மெல்லிசுதான், ஆனாலும் குளிர்.

"குளிருதப்பா! காணும், நிப்பாட்டுங்கோ."

"நீர் சும்மா இரும். இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் குளிரும்."

எங்கள் ஆட்களுக்கே உள்ள வியாதி இது. விருந்தாளி இரண்டு கையாலும் சாப்பாட்டுக் கோப்பையை மறைத்தாலும், விரலிடுக்கால் ஒரு அகப்பைச் சோறு போடுகிற பரம்பரை. காணும், போதும் என்ற சொல் எங்கள் காதில் ஏறாது.

மேல்மாடிப் பிரெஞ்சுக் கிழவி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஸே அஸே, மெஸ்யூ!" என்று கத்தினாள். அதுவும் 'காணும்' என்பதுதான். இரண்டு பாஷையில் இரண்டு கிழவிகள் சொல்லியாயிற்று. கேட்டாரா?

முள் சிவப்பில் போய் நின்றது. பொனட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு வந்த காற்று – புட்டுப்பானை மூடியைத் திறந்த மாதிரி! காஸ் குறைந்தாலும் குளிராதாம், கூடினாலும் குளிராதாம். மருமகன் பிறகு சொன்னார்.

அந்த நேரம் பார்த்து போன். அண்ணையின் மகன் ரூபன்.

"சித்தி, எங்கை வாறியள்? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா."

"வந்துகொண்டிருக்கிறம் ராசா" என்று கூசாமல் ஒரு பொய்யை விட்டேன். திரும்பிப் பார்த்தால், இவர் அடுத்த டப்பாவைத் திருகுகிறார்.

"இதோடை சரிவரும்."

"சரிவராதப்பா. நேரம் போகுது."

"அண்ணைக்குச் சொன்னனான். செய்துபோட்டு வாறன் எண்டு சொன்னனான்."

குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. செய்தி வந்த நாளிலிருந்து இந்த மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏசி சரிவந்தால் வெளிக்கிட வேண்டும். வெளிக்கிட்டால் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால்... வாசலில் அண்ணை நிற்க மாட்டார்.

நான் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கினேன். சண்டை பிடிக்காமல் தந்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொனட்டை அடித்து மூடினேன்.

"நாலு கண்ணாடியையும் இறக்குங்கோ. வெளிக்கிடுவம்."

"வேர்க்கும்."

"வேர்க்கட்டும்."

ஹைவேயில் ஏறியதும் காற்று என் கொண்டையைப் பிய்த்து அவிழ்த்தது. டிரக் ஒன்று பக்கத்தில் வந்தால் காது அடைக்கும். கோர்ன்வால் நகரைத் தாண்ட, இவருடைய வாய் அசைவது தெரிந்தது. வழமைபோல என்னைத்தான் ஏசுகிறார் என்று நினைத்தேன்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை!"

பிறகுதான் தோள் குலுங்குவதைக் கண்டேன். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வாய்விட்டுத்தான் அழுதிருக்கிறார். "மெதுவாய்ப் போங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் சோளக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடி மூடிய காரில், குளிர்காற்றில், பக்கத்தில் நான் இருக்க... இந்த மனுசன் அழுதிருப்பாரா? ஒருக்காலும் மாட்டார்.

நாங்கள் மண்டபத்துக்குள் ஓடியபோது பெட்டியை மூட ஆயத்தமாக நின்றார்கள். ரூபன் கையைக் காட்டி நிறுத்தினான். எல்லாரும் மடிப்புக் கலையாத உடுப்பில். இவர் மட்டும் சேர்ட் முதுகோடு ஒட்ட, தலை கலைந்து, மூக்கு நுனியில் வேர்வை சொட்ட... சனம் விலகி வழிவிட்டது.

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார்.

"அண்ணை... ஏசி செய்யேல்லை. வந்திட்டன்."

சிரிக்க வேண்டிய மனுசன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

உங்களுக்கும் எங்கேயோ ஓர் அண்ணை இருப்பார், ஒரு தங்கச்சி இருப்பாள். வீடு திருத்திவிட்டு, பல்லுக் கட்டிவிட்டு, ஏசி செய்துவிட்டுப் போகலாம் என்று இருப்பீர்கள்.

ஏசி இல்லாத காரும் ரொறன்ரோ வரைக்கும் ஓடும், பிள்ளையள்... கண்ணாடியை இறக்கிவிட்டால் சரி.