திருகாணி தெரியாத கணினி

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கலியாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய பெட்டிக் கணினி பழுதானால் என் கணவரே திருகாணியைக் கழற்றி, வேண்டிய பாகத்தை மாற்றிவிடுவார். அது வடிவில்லை என்று சண்டை பிடித்து, மெல்லிய கம்பனிக் கணினி ஒன்றை வாங்கினேன். அதில் ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது. எனக்கு அதுதான் பெருமை. சூடாகக் கூடாதென்று கடல் பக்க யன்னலடியில் வைத்தேன்.

உப்புக்காற்று உள்ளே போய், ஒருநாள் காலையில் அது செத்துக் கிடந்தது. திருத்துகிறவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இதில டிஸ்க்கையும் போர்டோட சேர்த்து ஒட்டியிருக்கிறாங்கள். கழற்ற ஏலாது. கம்பனிக்குத்தான் அனுப்ப வேணும்."

அந்த டிஸ்க்கில்தான் நிலாவெளி ஊர்ப் பெண் ஒருத்தியின் கலியாண வீடியோ இருந்தது. கமரா கார்டை அடுத்த கலியாணத்துக்காக அழித்துவிட்டிருந்தேன். கலியாணம் முடிந்த கையோடு அவளுடைய தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. "அப்பா என்னைத் தாரைவார்த்துக் குடுத்த இடம் மட்டும் போதும் அக்கா" என்று வந்து கேட்டாள்.

கம்பனியிலிருந்து கணினி வந்த அன்று அவளும் வந்திருந்தாள். புதுப் போர்டு போட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். திரை பளிச்சென்று வந்து, வாங்கிய முதல் நாள் போலவே 'நல்வரவு' என்றது. உள்ளே எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"வேலை செய்யுது அக்கா!" என்று அவள் என் கையைப் பிடித்தாள்.

இப்போது மேசையில் மறுபடியும் பெரிய பெட்டிதான். இரண்டு டிஸ்க்கில் ஏற்றாமல் கார்டை அழிப்பதில்லை. வடிவில்லை என்று முகம் சுளிப்பவர்களிடம் வேறு ஸ்டூடியோ பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். நிலாவெளி பஸ் வாசலில் நின்றால் மட்டும் உள்ளே போய்விடுகிறேன்.