முன்பக்கம் கட்டிய கருவி

பனிச்சறுக்கு வீரர்களின் கால்களின் பலத்தை அளந்து சொல்வதுதான் றீற்றாவின் வேலை. துரிங்கியா மாநிலத்தில் ஒரு விளையாட்டு ஆய்வுகூடம். டோர்ட்மண்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரி, பனியில் ஒரு தரம்கூடச் சறுக்கியதில்லை. ஆனால் ட்ரெட்மில்லின் ஓடும் பட்டியில் ஒருவர் அடியில் சக்கரம் பூட்டிய சறுக்குக் கட்டைகளோடு ஏறினால் போதும், எந்தக் கால் உழைக்கிறது, எந்தக் கால் ஏய்க்கிறது என்று பதினெட்டு வருடமாகச் சொல்லி வந்தவள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடத்தான்.

கட்டையை வெளிப்பக்கம் சரித்து ஒரு காலால் உதைக்க வேண்டும். உடம்புப் பாரம் முழுவதையும் மற்றக் காலுக்கு மாற்றி வழுக்க வேண்டும். ஒரு கால் சோர்ந்தால் மற்றது அதன் வேலையையும் சுமக்கும். சறுக்கலுக்கு நடுவே துப்பாக்கியால் குறி சுடும் போட்டியென்றால், சுடுவதற்கு வந்து நிற்கும்போது மூச்சு எங்கே அடங்கப்போகிறது?

மே மாதம் யூடித் வந்தாள். இருபத்திரண்டு வயது, அந்தத் துப்பாக்கிப் போட்டிக்குப் புதிதாக மாறியவள். சோதனைக்கும் முதுகில் துப்பாக்கியோடுதான் ஏறினாள். இடது, வலது என்று பெயரிட்ட இரண்டு சிறு கருவிகளை றீற்றா எப்போதும் இடுப்புப் பட்டியின் பின்பக்கம் கட்டி, சப்பாத்துக்குள் வைத்த உணரிகளின் வயர்களை அந்தந்தப் பக்கத்துக் கருவியில் மாட்டுவாள். அன்று பின்பக்கத்தில் துப்பாக்கி இடித்தது. முன்னால் நின்று வயிற்றுப் பக்கம் கட்டினாள். இடது கால் பலவீனம் என்று அறிக்கை போனது.

கோடை முழுக்க யூடித் இடது காலுக்கே பயிற்சி செய்தாள். ஒக்டோபரில் மறுபடியும் முன்பக்கம் கட்டி அளந்தால், இடது முன்னைவிட மோசம். கூட வந்த பயிற்சியாளர் யூடித் மேல் பாய்ந்தார்.

"ஒரு நாளாவது ஒழுங்காகச் செய்தாயா?"

"எல்லா நாளும் செய்தேன். இடது கால் பலமாகிவிட்டது, எனக்குத் தெரிகிறது."

றீற்றா வழக்கம்போலக் குறுக்கிட்டாள். "உங்களுக்குத் தெரிவதை விடுங்கள் யூடித். கருவி சொல்வதைக் கேளுங்கள்."

அவர்கள் போன பிறகு சோதனை வீடியோவையும் கருவிகளின் பதிவையும் சேர்த்து ஓடவிட்டாள். திரையில் யூடித் இடது காலால் உதைக்கும்போதெல்லாம், வலது என்று பெயரிட்ட கோடு எழும்பியது. எதிரே நின்று கட்டியதில் தன்னுடைய இடது பக்கத்தை யூடித்தின் இடது என்று எடுத்திருக்கிறாள், இரண்டு தரமும். பலவீனமாயிருந்தது வலது கால்; கோடை முழுக்க யூடித் பலமான காலையே பலப்படுத்தியிருக்கிறாள். கணினியை மூடிவிட்டு இறங்கினாள். படியில் யூடித் குனிந்து இருந்தாள். "நல்ல வார இறுதி" என்று சொல்லிவிட்டு றீற்றா அவளைத் தாண்டிப் போனாள்.

டிசம்பரில் யூடித்தை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு றீற்றாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் லோறன்ஸ் கேட்டுக் கேட்டுக் கடைசியில் விஷயத்தைப் பிடுங்கிவிட்டான்.

"வேலை போயிடும் எண்டு பயப்பிடுறீரோ?"

"இல்லையப்பா. வேலை போனாப் போகட்டும். றீற்றா பிழை விடமாட்டாள் எண்டெல்லே எல்லாரும் சொல்லுகினம். அதுதான் வாய் வரேல்லை. வெக்கமாக் கிடக்கு."

"அந்தப் பிள்ளைக்குச் சொல்லும்."

ஜனவரியில் யூடித்தைக் கூப்பிட்டு, பயிற்சியாளருக்கு எழுதிய கடிதத்தையும் வீடியோவையும் காட்டினாள். யூடித் இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டாள்.

"துப்பாக்கியால் வந்த வினையா? பரவாயில்லை, யாருக்கும் நடக்கும். நான் சோம்பேறி இல்லை, அது போதும்."

றீற்றாவுக்கு உயிர் வந்தது.

"எப்போது தெரிந்தது?" என்று யூடித் கேட்டாள்.

"ஒக்டோபரில். நீங்கள் போன கையோடு."

சிரிப்பு நின்றது. "அன்றைக்கு நான் படியில் இருந்து அழுதேன். நீங்கள் என்னைத் தாண்டித்தான் போனீர்கள்."



பயிற்சியாளர் மறுபடி அளக்கச் சொல்ல, பெப்ரவரியில் யூடித் திரும்பவும் சோதனைக்கு வந்தாள். றீற்றா கருவிகளை எடுத்துக்கொண்டு கிட்டப் போனாள். யூடித் மரியாதையாகத்தான் கையை நீட்டினாள்.

"தாருங்கள், நானே கட்டிக்கொள்கிறேன்."

இடது, வலது என்று வாய்விட்டுச் சொல்லி அவள் கட்டி முடிக்கும் வரைக்கும் றீற்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.