பாலாற்றங்கரையில் பக்கோடா வாசம்

ஆம்பூரில் பாலாற்றங்கரையில் நிற்கிறேன். மூடிக் கிடந்த தோல் தொழிற்சாலையை இடித்துவிட்டு வீடுகளும் கடைகளுமாக ஒரு புதுக் குடியிருப்பு கட்டுகிறார்கள். 'ஆற்றைப் பார்த்த வீடு' என்கிறது விளம்பரப் பலகை. ஆற்றில் மணல்தான் இருக்கிறது. நேற்றைய மழையில் நனைந்து, இன்னும் அகற்றாத பழைய தோல் ஊறவைக்கும் தொட்டிகள் நாறுகின்றன.

வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மல்லிகா அக்கா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். வீடு விற்கும் இளம் மேனேஜர் வியர்க்க வியர்க்க ஓடி வருகிறார்.

"அக்கா, வீடு பாக்க பார்ட்டி வந்துட்டாங்க. நாத்தம் தெரியக் கூடாது. சீக்கிரம் வெங்காய பக்கோடா போடுங்க."

"உள்ள எனக்கு ஒரு கடை தர்றேன்னு சொன்னியே, அந்த லெட்டர் இன்னா ஆச்சு?"

"அடுத்த வாரம் கண்டிப்பா."

"அப்ப பக்கோடாவும் அடுத்த வாரம்."

காரிலிருந்து இறங்கும் குடும்பம் மூக்கைப் பொத்துகிறது. மேனேஜர் ஆபீசுக்கு ஓடி, முத்திரை குத்திய காகிதத்தோடு திரும்புகிறார். அக்கா அதை என்னிடம் நீட்டுகிறார். "சத்தமா படிங்க சார்." படிக்கிறேன். முன்வரிசையில் ஒரு கடை அவருக்குத்தான்.

எண்ணெய் காய்கிறது. வெங்காய வாசம் கரை முழுக்கப் பரவுகிறது. வந்தவர்கள் மூக்கிலிருந்து கையை எடுக்கிறார்கள்.

"இவங்க குடிவந்தப்புறமும் நாறுமேக்கா?" என்று மெதுவாகக் கேட்கிறேன்.

"நாறட்டும் சார். டெய்லி பக்கோடா வாங்குவாங்க."