இரட்டை விசில்

மைதானத்து வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். 'ஒரே கொடிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர். இக்கட்டான வேளையில் வலக்காலால் கோலடித்து இக்கிளப்பைக் காத்தவர். களத்தில் எவர் சொல்லுக்கும் பணியாதவர்' என்று அதில் பொறித்திருக்கிறது. அவருக்கு இது ஒன்பதாவது கொடி. வலக்கால் பஸ் ஏறத்தான் பயன்படும், ஆட்டமெல்லாம் இடக்காலில். மூன்றாவது வாக்கியத்தைப் படித்தபோது அவர் மனைவிக்குப் புரையேறிவிட்டது.

அவர் நடுக்கள ஆட்டக்காரர். பின்னால் இருப்பவனிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவனிடம் கொடுக்கிற வேலை. கோல் அடித்தால் பேர் அடுத்தவனுக்கு, கோல் வாங்கினால் திட்டு இவருக்கு. இப்படி வாங்கிக் கொடுத்தே பழகியவரைக் கிளப்புகளும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தன. எந்த அணிக்குப் போனாலும் இவருக்கு முன்னால் இவர் பட்டப்பெயர் போய்ச் சேர்ந்துவிடும்: 'பெட்டி'. வீட்டில் டீவி நின்றது பிரிக்காத அட்டைப்பெட்டியின் மேல். அதற்குள் என்ன இருக்கிறது என்பது கணவன் மனைவி இருவருக்குமே மறந்துபோயிருந்தது. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "வீடு மாத்துற வேலை" என்பார் மாமியார்.

அதிக காலம் அவர் தாக்குப்பிடித்தது ஐந்தாவது கிளப்பில். அங்கே கேப்டன் ஒரு தாடிக்காரர். தடுப்பு வரிசையில் ஆடுபவர். உதட்டைக் குவித்து இரண்டு தடவை சுருக்கென்று விசிலடித்தால், 'விடு, பின்னால நான் இருக்கேன்' என்று அர்த்தம். முன்னால் நிற்பவன் யோசிக்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, பந்தை விட்டுவிட வேண்டும். யோசித்தவர்கள் பயிற்சி முடிந்த பிறகும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். பெட்டி நிறைய ஓடினார். கடைசியில் விசில் மூளைக்குப் போகாமல் நேரே காலுக்குப் போகிற அளவுக்குத் தேறினார்.

அந்த விசில் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அடுப்பில் பால் பொங்கினால், வாசல் மணி அடித்தால், யார் போவது என்று இரண்டு பேரும் எழுந்திருக்கும்போது ஒருவர் விசிலடிப்பார், மற்றவர் உட்கார்ந்துவிடுவார். கிளப் மாறியது, வீடு மாறியது, விசில் மாறவில்லை.

மனைவிக்குக் கால்பந்து ஆகாது. ஆட்டத்தன்று கோல் கம்பத்துக்குப் பின்னால் குடும்பத்தாருக்கான பெஞ்சில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவார். ஆனால் இந்த ஊர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை நிரந்தரமாகியிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் நிரந்தரமாகப் போகிற நேரத்தில்தான் இவர்கள் கிளம்புவார்கள். மகளோ, "இனிமே புது ஸ்கூல்னா நீங்க ரெண்டு பேரும் போய்ப் படிங்க, நான் வரல" என்று சொல்லிவிட்டாள். சீசனின் கடைசி ஆட்டத்தில் தோற்றால் கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும், ஒப்பந்தம் முடியும், மறுபடி பெட்டி. சமன் செய்தாலே போதும், இருக்கலாம்.

எதிரே வந்தது தாடிக்காரரின் அணி.

இரண்டாம் பாதியில், நம் கோலுக்குச் சற்று முன்னால், பந்து சும்மா உருண்டு பெட்டியிடம் வந்தது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்போது பின்னாலிருந்து இரண்டு விசில். தாடிக்காரர் ஓடி வந்துகொண்டே, பந்தை நோக்கி எட்ட ஓடிய தன் ஆளுக்குக் கொடுத்தது அது. பெட்டி காலை அழகாகத் தூக்கிப் பந்தை விட்டார். தாடிக்காரர் வந்தார், உதைத்தார், கோல்.

கூட்டம் அப்படியே எழுந்து நின்றுவிட்டது. அதிகம் அதிர்ந்தவர் பெட்டிதான். தன் காலையே, வேறு யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே ஒரு குரல் கிளம்பியது: "வித்துட்டான்டா!"

கோச் கோட்டுக்கு அருகே ஓடி வந்தார். "யோவ், என்னய்யா பண்ணின?"

"விசில் கேட்டுச்சு சார்."

"எந்த விசில்?"

"பழைய விசில்."

கோச் தலையில் அடித்துக்கொண்டார். மாற்று ஆட்டக்காரர்களை எல்லாம் முன்பே இறக்கித் தீர்த்துவிட்டதால், வெளியே இழுத்துப் போடவும் வழியில்லை.

ஆட்டம் முடிகிற தறுவாயில் எதிர்ப்பக்கத்து ஓரத்தில் பெட்டியின் அணிக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. குடும்ப பெஞ்ச் இருந்த பக்கம் அது. பேசத் தெம்பில்லாமல் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பந்து தாழ்வாக, கோலை நோக்கி வளைந்து வந்தது. பெட்டி அதன் வழியில் நின்றார். தொட்டால் போதும், தொட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தார்.

இரண்டு விசில்.

எதிரணி ஆள் ஒருவன் ஒதுங்கினான். இன்னொருவன் காலை இழுத்துக்கொண்டான். தாடிக்காரர் பந்தை உதைத்துத் தள்ளிவிடுவார் என்று கோல்கீப்பர் கையை இறக்கினார். தாடிக்காரரோ, திருடு போன தன் வண்டி எதிரே வருவதைக் கண்டவர்போல் நின்றார். பந்து யாரையும் தொந்தரவு செய்யாமல் உள்ளே போயிற்று.

ஒலிபெருக்கியில் பெட்டியின் பேரைச் சொன்னார்கள். பந்தை உதைத்தவனே ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்னா டச்ணே!" என்றான். சமன். கிளப் தப்பியது. விற்றுவிட்டான் என்று கத்தின அதே குரல் இப்போது தெய்வமே என்று கத்தியது.

வெளியேறும் வழியில் தாடிக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். முகத்தில் கோபம் இல்லை, பயந்துபோயிருந்தார்.

"டேய், சத்தியமா அந்த விசில நான் அடிக்கலடா."

"நானும் அடிக்கல கேப்டன்."

"அப்ப யாருடா?"



மாலையில் சமையலறையில் பால் பொங்கியது. பெட்டி எழுந்தார். அடுப்புப் பக்கமிருந்து இரண்டு விசில் வந்தது, அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நீயா?"

மனைவி பாலை இறக்கினார். "ஆமா. தோத்திருந்தா வேலைய விட்டுட்டு மறுபடி மூட்டைதான் கட்டணும். அந்தத் தாடிக்காரருக்கு மட்டும்தான் விசிலடிக்கத் தெரியுமா?"

"தப்பு இல்லையா அது?"

"ஊரே கத்துது, கொட்டு அடிக்குது. நான் ரெண்டு விசில் அடிச்சா தப்பா?" என்றவர், பாத்திரத்தை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அது இருக்கட்டும். அவங்க விடணும்னுதாங்க அடிச்சேன். உங்கள யாரு விடச் சொன்னா? பந்து எதிர்ல வருது, நீங்க காலைத் தூக்குறீங்க! எனக்கு உயிரே போயிருச்சு."

அந்த ராத்திரியே டீவியைத் தரையில் இறக்கி, மனைவி அந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே நான்காவது ஊரின் திரைச்சீலைகள் இருந்தன. இந்த வீட்டு ஜன்னலுக்கு நீளம் போதவில்லை. போதாமலே மாட்டினார்.

மறுவாரம் பெட்டி கிளப் தலைவரிடம் போய், தான் அந்தப் பந்தைத் தொடவே இல்லை என்றார். "தன்னடக்கம்!" என்று தலைவர் கண்கலங்கினார். தகடு வந்தது.

அந்த ஆட்டத்தில் அவர் செய்தது இவ்வளவுதான்: இரண்டு முறை விசில் கேட்டது, இரண்டு முறையும் பந்தைத் தொடாமல் விட்டார்.