ஏழாயிரம் டாலர் ஹாகன்

உலகத்திலேயே விலை உயர்ந்த எரு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஒரு வண்டி ஏழாயிரம் டாலர். வெள்ளை மாளிகை ரோஜாகூட இதைக் கண்டிருக்காது.

அந்த எருவின் பெயர் வெண்டல் ஹாகன். இருபத்தாறு வருடம் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர். வாஷிங்டன் மாநில மழையில் யாராவது வாயில் ரொட்டியோடு ஓடிவருவது தெரிந்தால் நின்று காத்திருப்பார். ஒருநாள் நான் பேருந்துக்குள் தவளையை விட்டேன். அவர் திரும்பவே இல்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு பார்வை.

"தம்பி, தவளை எந்த ஸ்டாப்ல இறங்குது?"

எதைச் செய்தாலும் அந்தக் கண்ணாடியில் மாட்டிக்கொள்வேன்.

போன செப்டம்பரில் மாரடைப்பு. தன் உடலைப் புதைக்காமல், எரிக்காமல் எருவாக்கும்படி எழுதிவைத்திருந்தார்; எங்கள் மாநிலச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அவருடைய அண்ணன் லார்ஸ் குதித்தார்.

"எரிச்சா ரெண்டாயிரத்துல முடியும். மண்ணாப் போக ஏழாயிரமா?"

"படகு அவரோடது, மண்ணும் அவரோடது. உங்களுக்கென்ன?" என்ற தோரா, கணவரின் மீன்பிடிப் படகை விற்றுப் பணத்தைக் கட்டினார்.

மார்ச்சில் மண் வந்தது. கொல்லைப் பாத்தியில் கொட்ட நானும் கைகொடுத்தேன்.

"ஒரு பிடி வெளிய போகக் கூடாது. படகையே வித்திருக்கேன்" என்றார் தோரா.

ஏப்ரலில் அதில் டேலியாப் பூச்செடிக் கிழங்குகளை ஊன்றினார். ஹாகனே உருவாக்கிய வகை: கருஞ்சிவப்பு, இதழ் நுனியில் வெள்ளை. வேறெந்த வீட்டிலும் கிடையாது.

புது ஓட்டுநர் யாருக்கும் காத்திருப்பதில்லை. நிறுத்தத்தில் ஹாகன் கொஞ்சமாவது நிற்கட்டும் என்று தோன்றியது. மே மாதம் ஒரு ஞாயிறு, தோரா தேவாலயம் போன நேரம், ஒரு வாளி மண்ணை அள்ளிக் கம்பத்தடியில் கொட்டிச் சூரியகாந்தி விதைத்தேன். ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன், மண் எங்கிருந்து வந்தது என்பதைத் தவிர.

செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று தோராவின் கார் நிறுத்தத்தில் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"டேய், நீ நட்ட சூரியகாந்தி எது?"

காட்டத் திரும்பினேன். மஞ்சள் பூக்களுக்கு நடுவே ஒன்று கருஞ்சிவப்பு, நுனியில் வெள்ளை. அள்ளிய மண்ணோடு ஒரு கிழங்கும் வந்திருக்கிறது.

"பாத்தியில பள்ளத்தப் பாத்துட்டு எலின்னு பொறி வாங்கி வச்சேன்டா!"

அவர் அந்தப் பூவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஊத்து. இந்த மனுஷனுக்கு இங்க நிக்காட்டி முடியாது."

ஊற்றினேன். கண்ணாடிகூட இல்லாமல் பிடித்துவிட்டார் ஹாகன்.